கயிற்றுக் குடும்பத்தின் பம்பு

அந்தக் கயிறு என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதனால் வந்த பெயர் முழுவதும் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. வீடு மாற்றுகிறவர்களின் பீரோவையும் கட்டிலையும் வண்டியில் ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. கயிறு இல்லாமல் என் தொழில் இல்லை. ஆனால் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் குன்றின் உச்சிக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, ஒருவர் காரை ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற அந்த நாளில், இருப்பதிலேயே தடிமனான கயிறு என்னிடமிருந்து பக்கத்து வீட்டுக்கு இரவல் போகும். கிளம்பும்போது சுருட்டிக் காரின் டிக்கிக்குள் கிடக்கும். உச்சிக்குப் போய்ச் சேரும்போது காருக்கு முன்னால் போகும்.

காரின் பெயர் கிளி. பச்சை நிறம், மூக்கு கொஞ்சம் வளைந்திருக்கும், அதனால் அந்தப் பெயர். சமதரையில் அதைப்போல ஒரு கார் கிடையாது. மேடு என்று வந்தால், அதுவும் வெயில் நேரத்தில், இருமும், விக்கும், ஒரு தடவை உடம்பை உலுக்கிக்கொண்டு நின்றுவிடும். ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். குன்றின் ரெண்டாவது வளைவில் அது நிற்பதும், யாராவது ஒரு வண்டிக்காரர் பாவப்பட்டு இழுத்துப் போவதும் எல்லாருக்கும் பழகிப்போன காட்சி.

போன வருஷம் இழுத்தது ஐஸ் வண்டி. மேலே பழைய கார் சங்கத்தின் செயலாளர் கையில் மைக் இருந்தது. அவர் கையில் மைக் இருந்தால் வாய் சும்மா இருக்காது. "கயிற்றுக் குடும்பம் வந்தாச்சு! வழி விடுங்க, வழி விடுங்க! முதல்ல கயிறு, அப்புறம் கார்!" என்றார். மொத்தக் கூட்டமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காருக்குள் இருந்த மூன்று பேரில் ரெண்டு ஆண்களும் அசடு வழிந்தார்கள். பின் சீட்டில் சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் பக்கத்து வீட்டம்மா மட்டும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. நாளெல்லாம் நீராவியிலும் சோப்புத் தண்ணீரிலும் நின்று விரல் நுனி எப்போதும் சுருங்கியே இருக்கும். வெளுத்த படுக்கை விரிப்புகளை ஏற்றிக்கொண்டு லாண்டரி வேனையும் அவள்தான் ஓட்டுவாள். நெரிசலில், மழையில், எங்கேயும் ஓட்டுவாள். ஆனால் சொந்த வீட்டுக் காரின் சாவி மட்டும் அவள் கைக்கு வந்ததில்லை. "கிளிக்குக் கிளச் வேற மாதிரிம்மா" என்பார் அவள் புருஷன். வேற மாதிரி என்றால் எந்த மாதிரி என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். டீசல் இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். மாடியில் குடியிருப்பது அவள் தம்பி, வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். கல்யாணப் பேச்சை எடுத்தால் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். மாமனும் மச்சினனும் சேர்ந்துதான் கிளியை வாங்கினார்கள், சேர்ந்துதான் சீராட்டினார்கள். லீவு நாளில் ரெண்டு பேரின் கால்கள் மட்டும் காருக்கு அடியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எந்தக் கால் யாருடையது என்று தங்கச்சிக்கே சந்தேகம் வரும்.

ஐஸ் வண்டி இழுத்த அன்று திரும்பி வரும் வழியில் தங்கச்சி சொன்னாள்: "அடுத்த வருஷம் நான் ஓட்டுறேன். கயிறு வராது."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தோம். இந்த வருஷம் ஓட்டுகிறவர்கள் பெயரைக் கேட்டபோது அவளே செயலாளருக்குப் போன் போட்டுத் தன் பெயரைக் கொடுத்தாள். அவர் சிரித்துவிட்டு ஒரு சேதி சொன்னாராம். தானாக ஏறாத கார் இனிமேல் ஓட்டத்தில் சேராது. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து ஓரமாகக் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம். கமிட்டி முடிவாம்.

"பொம்மை மாதிரி வெச்சுக்கச் சொல்றாரு" என்றாள் தங்கச்சி என்னிடம். கண்ணில் தண்ணீர் இல்லை, தீதான் இருந்தது. "இந்தத் தடவை ஏறலைன்னா, நான் கிளியை ஓட்டவே போறதில்லைண்ணே. யாருமே ஓட்டப் போறதில்ல."

கார் ஏறவேண்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் மறுப்பு இல்லை. எப்படி ஏற வைப்பது என்பதில்தான் வீடு ரெண்டுபட்டது.

சண்டை மூண்ட அன்று நானும் கார்க் கொட்டகையில்தான் இருந்தேன். தகரக் கூரை, சித்திரவதை மாதிரி வெயில். பானட் திறந்திருந்தது. இன்ஜினின் விலாவில் ஒட்டிக்கொண்டிருந்த, உள்ளங்கையளவு பழைய பெட்ரோல் பம்பைத் தம்பி ஸ்க்ரூடிரைவரால் தட்டிக் காட்டினான்.

"பெட்ரோல் வந்து சேர மாட்டேங்குது மாமா. அதான் விஷயம். இந்தக் கிழட்டுப் பம்பைத் தூக்கிட்டு ஒரு எலக்ட்ரிக் பம்பு மாட்டிடலாம். சுவிட்சைப் போட்டா போதும், டக்குடக்குனு தள்ளும்."

"நீ என்னடா மாப்ள, மொட்டை மாடிக்குத் தண்ணி ஏத்துற மோட்டார் மாதிரி பேசுற" என்றார் டிப்போக்காரர். "இன்ஜின் சுத்தினா இந்தப் பம்பு அடிக்கும். வேகமாச் சுத்தினா வேகமா அடிக்கும், மெதுவாச் சுத்தினா மெதுவா அடிக்கும். இன்ஜின் நின்னா இதுவும் நிக்கும். வயர் கிடையாது, ஃபியூஸ் கிடையாது. இந்தக் கார் செஞ்சவன் முட்டாளா?"

"செஞ்சவன் முட்டாள் இல்ல மாமா. அவன் இந்த வெயில்ல செய்யல."

"வயர் அறுந்து நடுரோட்ல நின்னா என்ன பண்ணுவ? கரண்டு ஆபீசுக்குப் போன் போடுவியா? என் பம்புன்னா ரோட்ல வெச்சே பிரிச்சு மாட்டிடுவேன்."

"மாட்டினீங்களே, போன வருஷம். ரோட்ல வெச்சுப் பிரிச்சீங்க, ஊதினீங்க, மாட்டினீங்க. அப்புறம் என்ன வந்துச்சு? ஐஸ் வண்டி வந்துச்சு."

சொல்லியிருக்கக் கூடாது. டிப்போக்காரர் கையிலிருந்த ஸ்பேனரை மட்கார்டின் மேல் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார், அதுதான் பயமாக இருந்தது. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனவர் அதற்குப்பிறகு மச்சினனோடு பேசவில்லை. மச்சினனும் லேசுப்பட்டவனா என்ன, அவனும் பேசவில்லை.

பேசாமல் இருந்தார்களே தவிர பேச்சு நிற்கவில்லை. எல்லாம் தங்கச்சி வழியாகப் போய் வந்தது.

"பெரிய ஸ்பேனரை யார் எடுத்தாங்கன்னு உன் தம்பிகிட்ட கேளு."

"நான் எடுக்கலைன்னு மாமாகிட்ட சொல்லுக்கா."

ரெண்டு பேரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துதான் இதைச் சொல்வார்கள். நடுவில் தங்கச்சி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள். காலையில் லாண்டரி, சாயங்காலம் சமையல், இடையில் ரெண்டு தடியர்களுக்குத் தூது. உரிக்கிற கத்தி அவள் கையில் இருப்பதை ரெண்டு பேரும் ஏனோ கவனிக்கவில்லை.

முதலில் டிப்போக்காரர் தன் கட்சியை நிரூபிக்கக் கிளம்பினார். பம்பைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உள்ளே இருந்த ரப்பர் தகட்டைப் புதிதாகப் போட்டு, ஸ்பிரிங்கை மாற்றி, தாயத்துபோலப் பளபளவென்று ஆக்கி மாட்டினார். மறுநாள் நல்ல வெயிலில் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓட்டிப் போனார். பாதி மேட்டில் கிளி இருமியது, விக்கியது, நின்றது. நான்தான் தள்ளினேன். எதிரே இருந்த குட்டிச்சுவரில் உட்கார்ந்து தம்பி வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு கடலையையும் சத்தமாக உடைத்தான், அவ்வளவுதான்.

அடுத்தது அவன் முறை. எலக்ட்ரிக் பம்பு ஒன்றை வாங்கி வந்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே அழகாகப் பொருத்தி, வயரை நூல் பிடித்தாற்போல இழுத்துக் கட்டி, சுவிட்சைப் போட்டான். டக் டக் டக் என்று அது பேசியது. கொட்டகையில் ஓடியது, தெருவில் ஓடியது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏறியது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு டக் டக் என்பது கடகடவென்று வெறும் சத்தமாகிவிட்டது. கார் நின்றது. அப்போதும் நான்தான் தள்ளினேன். அந்தப் பக்கமாகத் தற்செயலாக வந்ததுபோல டீ கிளாஸோடு வந்த டிப்போக்காரர் வானத்தைப் பார்த்து, "போச்சா?" என்று கேட்டார். வானம் பதில் சொல்லவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரெண்டு பேருக்கும் கார் ஏறவில்லை என்ற வருத்தத்தைவிட மற்றவனுடைய பம்பும் தோற்றுவிட்டது என்ற சந்தோஷம் பெரிதாக இருந்தது. வியர்த்து விறுவிறுத்துத் தள்ளியவன் நான், கார் போகாவிட்டால் மனசு உடையப் போகிறவள் தங்கச்சி. இவர்களுக்கு என்ன?

அன்று சாயங்காலம் லாண்டரியிலிருந்து வந்த தங்கச்சியிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கால் கழுவினாள். உள்ளே போய்ச் சமைத்தாள். பிறகு ரெண்டு தட்டில் ரொட்டியும் அவித்த முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு வந்தாள். கிளியின் மட்கார்டுகளுக்குக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, தட்டுகளை அதன்மேல் வைத்தாள்.

"ரெண்டு பேரும் இங்கேயே சாப்பிடுங்க. இது ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் யாரும் வீட்டுக்குள்ள வரக் கூடாது. அண்ணே, நீங்களும் இருங்க. சாட்சிக்கு."

எனக்கும் ஒரு முட்டை கிடைத்தது.

அவள் பானட்டுக்குள் குனிந்து பெட்ரோல் குழாயைத் தொட்டாள். வண்டி வந்து வெகு நேரமாகியும் வெடுக்கென்று கையை எடுத்தாள். "தொட்டுப் பாருங்க. இஸ்திரிப் பெட்டி மாதிரி இருக்கு" என்றாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க பஸ்ல பம்பு எங்க இருக்கு?"

"இன்ஜின் மேலயே."

"அது மேடு ஏறுதா?"

"கால் வைக்க இடமில்லாம ஆள் ஏறினாலும் ஏறும். அதைத்தானே நானும் தலைபாடா அடிச்சுக்கறேன்."

"டீசல் கொதிக்குமாங்க?"

அவர் சிரித்தார். "டீசலாவது கொதிக்கறதாவது. இந்தச் சூடெல்லாம் அதுக்கு ஒரு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். வாய்க்குப் போன ரொட்டி பாதி வழியில் நின்றது.

"பெட்ரோல்?" என்றாள்.

"கையில ஊத்தினாலே பறந்துடும்" என்றார் மெதுவாக.

தம்பியின் உதடு சிரிப்பதற்கு வளைந்ததைப் பார்த்துவிட்டாள். "நீ சிரிக்காத. உன் பம்பை எதுக்குடா இங்க வெச்ச?"

"பேட்டரி இங்கதானேக்கா இருக்கு? வயரை நீளமா இழுத்தா கரண்டு குறையும். எந்த வேலையிலயும் வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது."

"பெட்ரோல் எங்க இருக்கு?"

"டேங்க்ல. பின்னாடி."

"அப்ப உன்னோடதும் அங்கேருந்து உறிஞ்சத்தானே செய்யுது? தள்ளும் தள்ளும்னு சொன்னியே, எங்கடா தள்ளுது?"

அவன் பம்பைப் பார்த்தான், டிக்கிப் பக்கம் பார்த்தான், முட்டையைப் பார்த்தான்.

தங்கச்சி காரின் ஓரத்தில் சாய்ந்துகொண்டாள். "எங்க லாண்டரில சுடுதண்ணித் தொட்டி கீழ இருக்கு. பம்பை மேல மாடியில வெச்சிருந்தாங்க. பச்சைத் தண்ணின்னா ஒழுங்கா உறிஞ்சும். சுடுதண்ணி விட்டா பம்பு கத்துமே தவிர சொட்டுத் தண்ணி வராது. நாங்க துணியை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்போம். அப்புறம் ஒரு ஆள் வந்து, சூடா இருக்கறதை உறிஞ்சினா குழாய்க்குள்ளயே ஆவியாயிடும், ஆவியைப் பம்பால இழுக்க முடியாதுன்னு சொல்லிட்டு, பம்பைக் கழட்டித் தொட்டிக்குப் பக்கத்துல கீழ வெச்சுட்டுப் போனாரு. அதே பம்புதான். அன்னைலேருந்து ஒரு நாள் மக்கர் பண்ணல. இன்னைக்கு மேட்ல உன் பம்பு கடகடன்னு வெறுஞ்சத்தம் போட்டுச்சுன்னு அண்ணன் சொன்னப்ப எனக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகம் வந்துச்சு."

அவர்கள் ரொட்டியையும் நான் முட்டையையும் மென்றோம். சூடு ஆறும் தகரக் கூரை மேலே சடசடத்தது.

டிப்போக்காரர்தான் முதலில் இறங்கி வந்தார். "சரி. ரெண்டும் இருக்கட்டும். அவன் பம்பு டேங்க் கிட்டேருந்து தள்ளட்டும். என்னோடது இங்க வாங்கிக் கொடுக்கட்டும்."

"நல்ல யோசனை மாமா!" என்று தம்பி துள்ளினான். வெகு நாளைக்கு அப்புறம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. தங்கச்சியின் முகம் தளர்ந்தது. தீர்ந்தது வழக்கு என்று நானும் எழுந்து வேட்டியைத் தட்டினேன்.

"வேணாம்" என்றார் டிப்போக்காரர்.

"இப்பத்தானே நீங்களே சொன்னீங்க?"

"சொன்னேன். வேணாம்." அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் பம்பின்மேல் கையை வைத்துக்கொண்டார். "இதுக்குள்ள ஒரு ரப்பர் தகடு இருக்கு. புதுசுதான், நானே போட்டேன். ஆனா ரப்பர், என்னைக்காவது கிழியும். இதுநாள் வரைக்கும் கிழிஞ்சா என்ன ஆகும்? வண்டி நிக்கும், அவ்வளவுதான். பின்னாடி ஒண்ணு விடாம தள்ளிக்கிட்டே இருந்துச்சுன்னா, பெட்ரோல் அந்தக் கிழிசல் வழியா இன்ஜின் ஆயிலுக்குள்ள இறங்கும். ஓட்டறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. வண்டி பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும்."

"அப்புறம்?"

"இன்ஜின் போகும். இல்லன்னா தீ பிடிக்கும்." அவர் மனைவியைப் பார்த்தார். "ஓட்டப் போறது நீ. ஒரு பம்புதான் இருக்கணும். அது என்னோடது இல்ல."

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்கு என்ன தெரியும்? ரெண்டு பம்பும் இருந்திருக்கும், ரெண்டு பேர் மானமும் இருந்திருக்கும். பேசுவதற்கு முன்னால் ஒரு வாய் ரொட்டி தின்கிற நேரம் அந்தப் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்த நேரத்தில் அவருக்குள் என்ன ஓடியதோ. எனக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மீசையில் முட்டைத் தூள் ஒட்டியிருந்ததால் விட்டுவிட்டேன்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "மாமா, என்னோடதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. எங்கயாவது இடிச்சு இன்ஜின் நின்னாலும் சாவி போட்டிருந்தா இது பெட்ரோலைக் கொட்டிக்கிட்டே இருக்கும். உங்க பம்பு மாதிரி தானா நிக்காது. ஆயில் அழுத்தம் இருந்தாத்தான் கரண்டு போகற மாதிரி ஒரு சுவிட்சு இருக்கு. இன்ஜின் நின்னா பம்பும் நின்னுடும். ஆனா அதை இன்ஜின்ல எங்க மாட்டறதுன்னு எனக்குத் தெரியல. அதனாலதான் மாட்டல. உங்ககிட்ட கேட்கவும் ஒரு மாதிரியா..."

"எனக்குத் தெரியும்" என்றார் டிப்போக்காரர். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். உன் பம்பையும் மாத்து. அழுத்தம் ஜாஸ்தி, கார்புரேட்டர் தாங்காம வழியுது. சாதுவான பம்பா ஒண்ணு வாங்கிட்டு வா."

தங்கச்சி தட்டுகளை எடுத்துக்கொண்டாள். "இப்ப உள்ள வரலாம்" என்றாள்.

அதற்குப்பிறகு நடந்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். மறுபடியும் காருக்கு அடியில் ரெண்டு ஜோடிக் கால்கள். பீரோ தூக்குகிற என் கட்டைகளை முட்டுக் கொடுத்துக் கிளியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினோம். டேங்குக்குப் பக்கத்தில், அதைவிடத் தாழ்வாக, புதுப் பம்பு ரப்பர் மெத்தையின்மேல் உட்கார்ந்தது. முன்னால் இருந்து பின்னால் வரை வயர் போயிற்று. இவ்வளவு நீளமாக வயர் இழுக்கத் தம்பிக்கு வயிறு எரிந்தது, ஆனாலும் கொஞ்சம் தடிமனான வயராகப் போட்டுச் சமாதானம் ஆனான். புகைக் குழாயை உரசிக்கொண்டு போன பெட்ரோல் குழாயை டிப்போக்காரர் வேறு பக்கமாக வளைத்துக் கொண்டுபோனார்.

தன் பம்பை அவரே கழற்றினார். கழற்றிய இடத்தில் இன்ஜினுக்கு ஒரு ஓட்டை விழுந்துவிட்டது. இரும்புத் தகட்டை அளவெடுத்து வெட்டி, ஓரத்தை அரத்தால் ராவி, நடுவில் அட்டை கொடுத்து அந்த வாயை மூடினார். வேலை முடிந்தபின் பம்பைச் சுத்தமாகத் துடைத்து, தங்கச்சி கொடுத்த பழைய தலையணை உறையில் சுற்றி, டாஷ்போர்டு அறைக்குள் வைத்தார். "இருக்கட்டும். வழக்கம்போல அதுவும் கூட வரட்டும்" என்றார். யாரும் கேலி பண்ணவில்லை.

தண்ணீர்த் தொட்டி மேட்டை மத்தியான வெயிலில் கிளி ஏறியது. தம்பி கடலையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினான். ஆனால் அந்த மேடு சின்னது, குன்று குன்றுதான். வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கும். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். கயிற்றை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகவே நன்றாகச் சுருட்டி, பின் சீட்டில் போட்டு, அதன்மேல் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டேன். மனசுக்கு ஒரு தைரியம், வேறொன்றுமில்லை.

காற்று என்பது பேருக்குக்கூட இல்லை. தார் இளகிக் கிடந்தது. தங்கச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் புருஷன், பின்னால் நானும் தம்பியும். சாவியைத் திருப்பும்போது கிளச்சை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள்.

"வேற மாதிரின்னு சொன்னீங்களே. என் வேன் மாதிரியேதான் இருக்கு."

டிப்போக்காரர் ஜன்னல் வழியாகத் தெருவை ரசித்தார்.

அடிவாரம் வரை பேச்சும் சிரிப்புமாகப் போனோம். ஏற்றம் ஆரம்பித்தது. முதல் வளைவு தாண்டியது. பழைய கார்கள் வரிசையாக முன்னால் ஊர்ந்தன. ரெண்டாவது வளைவு வந்தது. அதில் திரும்பியதும் பார்த்தால் வரிசை அப்படியே நிற்கிறது. செயலாளரின் நீளமான வெள்ளைக் கார் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு, பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. அவர் தொப்பியால் இன்ஜினுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

தங்கச்சி பிரேக்கை மிதித்தாள். வேறு வழியில்லை. ஒவ்வொரு வருஷமும் கிளி செத்த அதே இடத்தில், அதே வெயிலில், செங்குத்தான ஏற்றத்தில், கொதிக்கிற இன்ஜினோடு நின்றோம். ஓடுகிற காருக்காவது காற்று கிடைக்கும், நிற்கிற காருக்கு அதுவும் இல்லை. டிப்போக்காரரின் கை டாஷ்போர்டைப் பிடித்தது. தம்பி பம்பு இருந்த பக்கமாகக் காதைச் சீட்டின் முதுகில் வைத்துக்கொண்டான்.

"ஓடுதா மாப்ள?"

"ஓடுது மாமா. கேளுங்க."

டக் டக் டக். ஆட்கள் செயலாளரின் காரை ஓரத்துக்குத் தள்ள முயன்றார்கள். தள்ளுகிறார்கள், தள்ளுகிறார்கள், முடியவில்லை. அவசரம் தெரியாத ஜனங்கள். கிளியின் உடம்பு ஒரு தடவை உதறியது. என் கை தானாகக் கயிற்றைத் தேடியது. தங்கச்சி ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டாள். உதறல் அடங்கியது. டக் டக் டக் என்பது மாறவே இல்லை. அவள் கழுத்தில் வியர்வை ஓடியது, ஆனால் ஸ்டியரிங்கில் இருந்த கை அசையவில்லை.

வழி கிடைத்தது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கிளச்சை நூல் நூலாக விட்டு, ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளாமல் அவள் காரை எடுத்தாள். அந்த ஏற்றத்தில் அப்படி எடுக்க என்னால் முடியாது, டிப்போக்காரராலும் முடியாது. அதை அவரே பிறகு சொன்னார். செயலாளரைத் தாண்டும்போது அவர் நிமிர்ந்து பார்த்தார். தொப்பி கையிலேயே நின்றுவிட்டது. தங்கச்சி ரோட்டை மட்டும் பார்த்தாள்.

மூன்றாவது வளைவு, பிறகு மரங்கள், பிறகு வானம். உச்சியில் இருக்கும் வாசலைக் கிளி தன் காலாலேயே தொட்டது.

வாசலில் நின்ற கேட்டுக்காரர் வருஷா வருஷம் செய்கிற மாதிரி ஓடி வந்து, பம்பருக்கு முன்னால் குனிந்து முடிச்சை அவிழ்க்கக் கையை நீட்டினார். கை காற்றில் துழாவியது. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், காருக்கு அடியில்கூடப் பார்த்தார்.

"கயிறு எங்கம்மா?"

"வரலைங்க" என்றாள் தங்கச்சி.

அந்த 'வரலைங்க'வைக் கேட்க நான் இன்னொரு தடவை அந்தக் காரைத் தள்ளவும் தயார். தம்பி கூரையைக் குத்திக் கத்தினான். டிப்போக்காரர் திரும்பி அவன் தலையைப் பிடித்து உலுக்கினார். "என்னமா வயர் இழுத்திருக்கடா!" என்றார். "நீங்க பாதையை மாத்தலைன்னா என் வயர் என்ன மாமா பண்ணும்?" என்றான் அவன். ரெண்டு பேர் கண்ணும் நனைந்திருந்தது. என்னுடையதும்தான், மறைப்பானேன். சுற்றிக் கூட்டம் கூடியது. கைதட்டல் எங்கேயோ ஆரம்பித்து எல்லாப் பக்கமும் பரவியது.

தங்கச்சி மட்டும் இன்ஜினை நிறுத்தவில்லை.

"எல்லாரும் இறங்குங்க" என்றாள்.

"ஏன்மா, நிறுத்து. அதான் வந்தாச்சே."

"ஒரு தடவை ஏறினா அதிர்ஷ்டம்னு சொல்லுவாங்க. இன்ஜின் சூடா இருக்கறப்பவே இன்னொரு தடவை ஏறிட்டு வர்றேன். தனியா."

"வேணாம்கா, எதுக்கு..." என்ற தம்பியை டிப்போக்காரர் கையமர்த்தினார். அவர்தான் முதலில் இறங்கினார். இறங்கிக் கதவை மெல்லச் சாத்தினார். "பிரேக்கை அழுத்தமாப் பிடி. எறக்கத்துல கியர்லயே விடு" என்றவர், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "உனக்குத் தெரியாததா."

நானும் இறங்கினேன். தங்கச்சி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க உட்கார்ந்துக்கிட்டு வந்ததையும் எடுத்துக்கங்க. செயலாளருக்கு வேணும்."

துண்டு விரித்தும் பிரயோஜனம் இல்லை. கிளம்பும்போதே பார்த்திருக்கிறாள். நான் அசடு வழிய அதை எடுத்து, கூட்டத்தில் நின்ற ஐஸ் வண்டிக்காரரிடம் கொடுத்தேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, தோளில் மாட்டிக்கொண்டு தன் வண்டிக்குப் போனார். கிளி வாலைத் திருப்பி இறக்கத்தில் மறைந்தது.

நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றோம். யாரும் நிழலுக்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு வெகு கீழே ஒரு முனகல், பிறகு கியர் மாறும் சத்தம்.

"முதல் வளைவு" என்றார் டிப்போக்காரர் கண்ணை மூடிக்கொண்டு. கூட்டமும் பேச்சை நிறுத்திவிட்டது. "ரெண்டாவது வந்துட்டா."

"நிக்கலை மாமா."

"நிக்காது."

சத்தம் மரங்களுக்குள் நுழைந்து பெரிதானது. கேட்டுக்காரர் இந்தத் தடவை பம்பரைப் பார்க்க ஓடவில்லை. கேட்டின் ரெண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார்.